ஒரே எழுத்து, வேறு வேறு கலங்கள்: ஒரு மரபணு மாறுபாடு நிர்ப்பீடனத்தை எங்கே தொடுகிறது என்று தேடும் வழி

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமா ஒருவர் எச்சில் பரிசோதனை செய்து, அறிக்கையில் இருந்த ‘ஆர்.எஸ்.’ இலக்கம் (ஒரு மரபணு மாறுபாட்டின் அடையாள எண்) ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இது எங்கட ஆக்களுக்கும் இருக்குமோ? இதால என்ன வரும்?” என்று கேட்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்போது புதினமில்லை. கம்பஸில் உயிரியலோ மருத்துவமோ படிக்கிற பிள்ளையிடம்தான் அந்தக் கேள்வி வந்து சேரும். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்: கையில் ஒரு மாறுபாட்டின் இலக்கம் இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்கிறது என்று தெரியாது.

இந்தத் தேடலுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு மடிக்கணினி, ஓரளவு இணையம், பொறுமை இவை போதும். வேண்டிய தரவுகளில் பெரும்பகுதி இலவசமாகத் திறந்து கிடக்கிறது. எந்தக் கலத்தில், எந்த நிலையில், யாருடைய குருதியில் என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு படியிலும் கேட்கத் தவறினால் மட்டும், எவ்வளவு தரவு இருந்தாலும் விடை பிழைக்கும்.

தொடங்குமுன்: எதைத் தேடுகிறோம்

மனித டிஎன்ஏயில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். உங்களுடையதை மாதிரித் தொடரோடு (ஒப்பிடுவதற்கென்று பொதுவாக வைத்திருக்கும் மனித டிஎன்ஏத் தொடர்) ஒப்பிட்டால் 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடும். புரதம் செய்யும் மரபணுக்கள் (ஏ.எல். புத்தகத்தின் பரம்பரையலகுகள்) சுமார் 20,000. நோய்களோடு தொடர்புபடுத்தப்பட்ட மாறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மரபணுக்களின் புரதப் பகுதிக்குள் விழுவதில்லை, வெளியேதான் கிடக்கின்றன. அவை புரதத்தின் வடிவத்தை மாற்றுவதில்லை; எவ்வளவு ஆர்என்ஏ எழுதப்பட வேண்டும் என்ற அளவைக் கூட்டிக் குறைக்கின்றன. ஒரு மாறுபாடு ஒரு மரபணுவின் வெளிப்பாட்டு அளவோடு இப்படிச் சேர்ந்து போனால் அதற்கு இ-கியூடிஎல் என்று பெயர்.

அளவைக் கட்டுப்படுத்தும் டிஎன்ஏத் துண்டுகள் எல்லாக் கலங்களிலும் திறந்திருப்பதில்லை. பி கலம், மொனோசைட் இரண்டும் வெண்குழிய வகைகள்தான்; ஆனால் பி கலத்தில் திறந்திருப்பது மொனோசைட்டில் சுருண்டு மூடிக் கிடக்கும். திறந்திருந்தாலும் அதில் வந்து ஒட்டவேண்டிய புரதம் அந்தக் கலத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் ஒரே எழுத்து மாற்றம் ஒரு கலத்தில் பெரிய வேலை பார்க்கும், பக்கத்துக் கலத்தில் இருக்கிற இடமே தெரியாது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் டஃபி. டஃபி என்ற புரதத்தைச் செய்யும் ஏசிகேஆர்1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் ‘டி’ இருக்கவேண்டிய ஓரிடத்தில் ‘சி’ வந்தால், காட்டா1 என்ற புரதம் அங்கே ஒட்ட முடியாமல் போகிறது. காட்டா1 செங்குழியம் உருவாகும் வழியில் வேலை செய்யும் புரதம். ஆகவே இரு பிரதியிலும் ‘சி’ உள்ளவரின் செங்குழியத்தில் டஃபி புரதம் இராது. அதே ஆளின் குருதிக்கலன் சுவரிலுள்ள அகவணிக் கலங்களிலோ அது வழக்கம்போல இருக்கும், ஏனென்றால் அந்தக் கலங்கள் இந்தக் காட்டா1 இடத்தை நம்பியிருக்கவில்லை. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள் நுழைய முக்கியமாக டஃபியைத்தான் பிடிக்கிறது. ஆபிரிக்காவின் பெரும்பகுதியில் வைவாக்ஸ் குறைவாக இருப்பதற்கு இந்த ஒற்றை எழுத்து பெரிய காரணம். நம்மிடம் இந்த மாறுபாடு மிக அரிது. வன்னியில் ஒரு காலத்தில் ஆட்களை நடுங்க வைத்த குளிர்காய்ச்சலில் வைவாக்ஸுக்குப் பெரிய பங்கு இருந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது 2016 செப்டெம்பரில்தான்.

சரி, தேடலைத் தொடங்குவோம். கீழே எல்லாப் படிக்கும் ஒரே மாறுபாட்டை எடுத்துக்கொள்கிறேன்: ஆர்.எஸ். 17713054. கடும் கோவிட் நோயோடு தொடர்புபட்ட, மூன்றாம் நிறமூர்த்தத்தில் உள்ள இடம் இது.

படி 1: இலக்கத்தை முகவரியாக்குங்கள்

மரபணுத் தரவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் என்செம்பிள் தளத்தின் தேடல் பெட்டியில் இலக்கத்தைப் போடுங்கள். நிறமூர்த்தம், இடம், இரு எதிருருக்கள் (அந்த இடத்தில் வரக்கூடிய மாற்று எழுத்துகள்) என்று மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நமது மாறுபாட்டுக்கு மாதிரி எழுத்து ‘ஜி’, அபாய எழுத்து ‘ஏ’.

இடத்தைக் குறிக்கும்போது மாதிரித் தொடரின் எந்தப் பதிப்பு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இதே எழுத்து ஜிஆர்சிஎச்37 பதிப்பில் 45,859,651ஆம் இடம். ஜிஆர்சிஎச்38 பதிப்பில் 45,818,159ஆம் இடம். எழுத்து ஒன்றுதான், எண்ணும் முறைதான் மாறியிருக்கிறது. பழைய கட்டுரையின் இடத்தைப் புதிய தளத்தில் போட்டுத் தேடினால், 41,000 எழுத்து தள்ளிப் போய் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் நிற்பீர்கள். தளம் பிழை என்றும் சொல்லாது.

படி 2: நம் ஆட்களில் எத்தனை பேரிடம்?

என்செம்பிளின் அதே பக்கத்தில் சனத்தொகைப் பிரிவுக்குப் போங்கள். 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் இறுதித் தொகுப்பில் 26 சனக்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். அதில் ‘எஸ்டியு’ என்ற குறியீட்டைத் தேடுங்கள். அது பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர், 102 பேர். உலகத்து மரபணு ஆய்வாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் அடிப்படைத் தரவில் நமக்கென்று தனி நிரை ஒன்று உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. புலம்பெயர்ந்தவர்களின் குருதி என்பதால் யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் ‘தெற்காசியர்’ என்ற மொத்தக் கணக்கைவிட நெருக்கமானது.

மூன்றாம் நிறமூர்த்தத்து இந்தத் துண்டு நியண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று 2020இல் ஹூகோ ஸெபர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் காட்டினார்கள். பேபோ 2022இல் நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் கணக்கில் அபாய எதிருருவின் வீதம் தெற்காசியாவில் சுமார் 30 சதவீதம், ஐரோப்பாவில் சுமார் 8. தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரு பிரதியாவது சுமக்கிறார்கள்.

இந்த இரண்டு சதவீதங்களையும் வைத்துச் சின்னக் கணக்கு ஒன்று போடுங்கள், அடுத்து வரும் படிகள் எல்லாவற்றுக்கும் உதவும். எதிருருவின் வீதத்திலிருந்து ஒரு பிரதி, இரு பிரதி உள்ளவர்களைக் கணிக்கும் ஹார்டி-வைன்பேர்க் சமன்பாட்டில் 91 பேரைப் போடுகிறோம் என்று வையுங்கள். வீதம் 8 சதவீதம் என்றால் ஒரு பிரதி உள்ளவர்கள் 13 பேர் வருவார்கள், இரு பிரதி உள்ளவர் ஒருவர் வருவதே சந்தேகம். 30 சதவீதம் என்றால் ஒரு பிரதி 38 பேர், இரு பிரதி 8 பேர். அதாவது, இந்த மாறுபாடு கலத்தில் என்ன செய்கிறது என்று அறிய ஐரோப்பியர் 91 பேரைவிட நம் ஆட்கள் 91 பேர் மிக அதிகம் சொல்லுவார்கள். இருந்தும் தரவில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. இது நியாயமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும், புள்ளிவிபரத்தின்படியே வீண்.

அடுத்து எல்டிலிங்க் தளத்தில் இதே இலக்கத்தைப் போட்டு, சனக்குழுவாக எஸ்டியுவைத் தெரிவுசெய்து, இதனோடு சேர்ந்தே கடத்தப்படும் அயல் மாறுபாடுகளின் பட்டியலை எடுங்கள். நியண்டர்தால் துண்டு ஏறத்தாழ 50,000 எழுத்து நீளம், கூட்டமாகவே வருகிறது. உங்கள் கையிலுள்ள இலக்கம் குற்றவாளியா, குற்றவாளியோடு ஒரே பஸ்ஸில் வந்தவரா என்று இந்தக் கட்டத்தில் தெரியாது.

படி 3: முழுக்குருதியைப் பாருங்கள், ஆனால் அங்கே நிற்காதீர்கள்

ஜிடெக்ஸ் தளம்தான் எல்லோரும் முதலில் போகும் இடம். அதன் 8ஆம் பதிப்பில் 838 பேரின் 49 இழையங்களுக்கு இ-கியூடிஎல் கணக்கு இருக்கிறது. ‘முழுக்குருதி’ அதில் ஒன்று. உங்கள் இலக்கத்தைப் போட்டால் எந்த மரபணு, எந்த இழையம், எவ்வளவு தாக்கம் என்று அட்டவணை வரும். தாக்கத்தின் கூட்டல், கழித்தல் குறி மாதிரித் தொடரில் இல்லாத எதிருருவுக்கு உரியது என்பதை மறக்கவேண்டாம். அந்த எதிருருவே அபாய எதிருருவாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

முழுக்குருதி என்பது ஒடியல் கூழ் மாதிரி. நண்டு, மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே சட்டியில். வாயில் வைத்ததும் உப்புக் கூட என்று தெரியும், அது எதிலிருந்து வந்தது என்று தெரியாது. குருதியின் வெண்குழியங்களில் பாதிக்கு மேல் நியூட்ரோபில்கள்தான். சில சதவீதமே உள்ள என்கே கலம் என்ற வெண்குழிய வகையில் ஒரு மரபணு இரட்டிப்பாகக் கூடினாலும் மொத்தத்தில் அது கரைந்துபோகும். இன்னொரு ஆபத்தும் உண்டு: மாறுபாடு எந்த மரபணுவையும் தொடாமல், ஒரு கலவகையின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால்கூட, அந்தக் கலத்தின் மரபணுக்கள் எல்லாம் கூடினது போலத் தோன்றும். டஃபி மாறுபாடு உள்ளவர்களின் குருதியில் நியூட்ரோபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு, அவர்களுக்கு நோய் எதுவும் இல்லாமலே.

படி 4: கலவகை கலவகையாகப் பிரித்துப் பாருங்கள்

இதற்கு மூன்று நான்கு தளங்கள் போதும். கலிபோர்னியாவின் லா ஹோயா நிறுவனத்தின் டைஸ் தரவில் 91 ஆரோக்கியமானவர்களின் 13 நிர்ப்பீடனக் கலவகைகள் இருக்கின்றன, கூடவே தூண்டப்பட்ட டி கலங்கள் இரு வகை. ஜப்பானின் இம்யூநெக்ஸ்யுடி 28 கலவகைகளை 416 பேரில் பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் நிர்ப்பீடன நோயாளிகள். ஆஸ்திரேலியாவின் ஒன்கேஒன்கே 982 பேரிடமிருந்து 12 இலட்சத்துக்கு மேற்பட்ட கலங்களை ஒவ்வொன்றாக வாசித்தது. சிதறிக் கிடக்கும் பல ஆய்வுகளை ஒரே முறையில் திரும்பக் கணித்து வைத்திருப்பது இ-கியூடிஎல் கற்றலொக். நேரம் குறைவென்றால் டைஸில் தொடங்குங்கள், படங்கள் வாசிக்க இலேசானவை.

படம் எப்படி இருக்கும்? கீழ்க்கோட்டில் மூன்று பெட்டிகள்: ஜிஜி, ஜிஏ, ஏஏ. மேல்நோக்கிய கோட்டில் வெளிப்பாட்டு அளவு. ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். இடமிருந்து வலமாகப் பெட்டிகள் படிபோல ஏறினால் அல்லது இறங்கினால் தாக்கம் இருக்கிறது. முதலில் பார்க்கவேண்டியது பெட்டியின் உயரத்தை இல்லை, ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை புள்ளிகள் என்பதை. நாம் போட்ட கணக்கை நினையுங்கள்: ஐரோப்பியர் கூடுதலாக உள்ள தரவில் மூன்றாம் பெட்டியில் ஒரு புள்ளியோ, ஒன்றுமே இல்லாமலோ இருக்கலாம். ஒற்றைப் புள்ளி எவ்வளவு உயரத்தில் நின்றாலும் அதை நம்பி ஆய்வறிக்கை எழுதமுடியாது.

பிறகு மேல்கோட்டின் அளவைப் பாருங்கள். அந்தக் கலத்தில் மரபணு உண்மையிலேயே வெளிப்படுகிறதா, அல்லது பூச்சியத்துக்குப் பக்கத்தில் தடுமாறுகிறதா? பூச்சியத்துக்குப் பக்கத்தில் தெரியும் ஏறுமுகம் பெரும்பாலும் இரைச்சல்.

நமது பகுதிக்கு இந்த வேலையை டைஸ் குழுவினர் 2021இல் செய்து வெளியிட்டார்கள். கோவிட் அபாய மாறுபாடுகளை 13 கலவகைகளோடும் பொருத்திப் பார்த்தபோது, ஒவ்வொரு மரபணுவுக்கும் தாக்கம் மிகுந்த கலம் வேறாக இருந்தது. மூன்றாம் நிறமூர்த்தத்து சிஎக்ஸ்சிஆர்6 மரபணு டிஎஃப்எச் எனப்படும் உதவி டி கலத்திலும், அதே பகுதியின் சிசிஆர்9 ஒழுங்குபடுத்தும் டி கலத்திலும் முன்னுக்கு வந்தன. வேறு நிறமூர்த்தங்களில், ஐஎல்10ஆர்பி என்கே கலத்தில், ஓஏஎஸ்1 மரபுவழி அல்லாத மொனோசைட்டில். கடைசியாகச் சொன்ன மொனோசைட் வகை குருதியில் மிகச் சிறுபான்மை. முழுக்குருதியோடு நின்றிருந்தால் அதன் பக்கம் எவரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு கலத்தில் தாக்கம் ‘இல்லை’ என்று வந்தால் உடனே அடித்து எழுதவேண்டாம். 91 பேரில் தெரியாதது 982 பேரில் தெரியலாம். எல்லாக் கலத்திலும் தாக்கத்தின் பருமனையும் வழு எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லைகள் ஒன்றோடொன்று நன்றாகக் கவிந்திருந்தால் ‘இந்தக் கலத்துக்கு மட்டும் உரியது’ என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. அபூர்வமாக, ஒரே மாறுபாடு ஒரு கலத்தில் கூட்டி இன்னொன்றில் குறைப்பதும் உண்டு. பி கலத்தையும் மொனோசைட்டையும் ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில் அப்படிச் சில வந்தன.

ஆறாம் நிறமூர்த்தத்தின் எச்எல்ஏ பகுதி கையில் வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை. ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடும் இடம் என்பதால், சிறு துண்டுகளாக வாசித்த ஆர்என்ஏ மாதிரித் தொடரோடு சரியாகப் பொருந்தாமல் விழுந்துவிடும். பொருந்தாததை ‘குறைவு’ என்று கணினி எண்ணும். முதல் ஆய்வுக்கு எச்எல்ஏயை எடுக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை.

இடையில் ஒன்று: இந்தக் கலங்கள் எப்படிப் பிரிக்கப்பட்டன?

தரவை வெறும் அட்டவணையாகப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமல் போகிறது. ஊதா மூடிக் குழாயில் எடுத்த குருதியைச் சம அளவு உப்புக் கரைசலில் கலந்து, ஃபைகோல் திரவத்தின்மேல் குழம்பாமல் மெல்ல ஊற்றி, மையநீக்கியில் பிரேக் போடாமல் சுற்றவிடுவார்கள். செங்குழியமும் நியூட்ரோபிலும் அடியில் போய்விடும்; நடுவில் வெண்மையாய் ஒரு மெல்லிய வளையம் நிற்கும். நிணநீர்க்குழியங்களும் மொனோசைட்டும் அந்த வளையத்தில்தான். அதை உறிஞ்சி எடுத்து, சிடி14, சிடி19, சிடி56 போன்ற மேற்பரப்பு அடையாளங்களுக்கு நிறம் கட்டி, கலம் கலமாகப் பிரிப்பார்கள்.

இதிலிருந்து இரண்டு விடயம் விளங்கும். வளையத்திலிருந்து வந்த தரவில் நியூட்ரோபில் இல்லை. அதற்கு ஐரோப்பிய புளூபிரிண்ட் திட்டத்தின் தரவைத்தான் தேடவேண்டும், அது மொனோசைட், நியூட்ரோபில், டி கலம் மூன்றையும் எடுத்தது. மற்றது, நாளைக்கு நீங்களே யாழ்ப்பாணத்தில் இதைச் செய்வதென்றால்: ஃபைகோல் 18 முதல் 20 பாகை செல்சியஸுக்கு அளவுபார்த்துச் செய்யப்பட்டது. சித்திரை வெய்யிலில் ஏசி இல்லாத அறையில் அதன் அடர்த்தி குறைந்து, வளையத்தில் நிற்கவேண்டிய கலங்கள் கீழே நழுவப் பார்க்கும். திரவத்தையும் குருதியையும் மையநீக்கியையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்குங்கள்.

படி 5: தூங்கும் கலமா, விழித்த கலமா?

ஆரோக்கியமானவரின் குருதியிலுள்ள கலம் சும்மா இருக்கும் கலம். நோயோ கிருமி வந்தபின் நடப்பது. 2014இல் வெளியான ஆக்ஸ்போர்ட் ஆய்வு ஒன்று 432 பேரின் மொனோசைட்டுகளை எடுத்து, பற்றீரியாச் சுவர்ப் பொருளான எல்பிஎஸ்ஸோடு 2 மணி நேரமும் 24 மணி நேரமும், இன்ரஃபெரோன் காமாவோடு தனியாகவும் வைத்துப் பார்த்தது. கண்ட அண்மை இ-கியூடிஎல்களில் (தம் பக்கத்து மரபணுவையே தொடுபவை) பாதிக்கு மேல் தூண்டியபின் மட்டுமே தெரிந்தன. சும்மா இருந்த கலத்தில் மூன்று பெட்டிகளும் ஒரே உயரம். தூண்டியபின் படி ஏறுகிறது.

ஆகவே இ-கியூடிஎல் கற்றலொக்கில் தேடும்போது ‘நிலை’ என்ற நிரலைக் கவனியுங்கள். காசநோய், டெங்கு, கோவிட் போன்ற தொற்றுக்குத் தூண்டிய தரவே முக்கியம். எவ்வளவு நேரம் தூண்டினார்கள் என்பதையும் எழுதுங்கள், 2 மணி நேரத்தில் தெரிவது 24 மணியில் மறைந்திருக்கலாம்.

படி 6: ஒரே சைகையா, அயலவரா?

நோயோடு தொடர்புபட்ட மாறுபாடும் மரபணு அளவை மாற்றும் மாறுபாடும் ஒரே இடத்தில் இருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது. மரபணு நெருக்கமான பகுதிகளில் தற்செயலாக ஏதாவது ஒன்று சேர்ந்து தெரியும். இதைச் சோதிக்க ஆர் மொழியில் ‘கோலொக்’ என்ற நிரல் இருக்கிறது. அது ஐந்து கருதுகோள்களை ஒப்பிட்டு நிகழ்தகவு தரும். ‘எச்4’ என்பது இரண்டுக்கும் காரணம் ஒரே மாறுபாடு என்ற கருதுகோள். 0.8க்கு மேல் வந்தால் நல்ல ஆதாரம் என்று எடுப்பது வழக்கம். ‘எச்3’ உயர்ந்தால் இரண்டு வேறு மாறுபாடுகள் அயலவராய் இருக்கின்றன என்று அர்த்தம், அங்கேயே கதையை நிறுத்துங்கள்.

நோய்த் தரவும் வெளிப்பாட்டுத் தரவும் ஒத்த வம்சாவளியைச் சேர்ந்தவையாய் இருக்கவேண்டும். தெற்காசிய நோய்த் தரவை ஐரோப்பிய வெளிப்பாட்டுத் தரவோடு பொருத்தினால் அயல் மாறுபாடுகள் சேர்ந்து வரும் பாங்கே வேறு, கணிப்பு ஆட்டம் காணும். நமக்கு நெருக்கமான வெளிப்பாட்டுத் தரவு முற்றாக இல்லாமலும் இல்லை. 2024இல் வந்த மேஜ் தரவு 1000 ஜீனோம்ஸின் 26 குழுக்களிலிருந்தும் 731 பேரின் ஆர்என்ஏயை வாசித்தது, எஸ்டியுவும் அதில் அடங்கும். ஆனால் அது எப்ஸ்ரைன்-பார் வைரஸால் அழியாக் கலமாக்கிய பி கலத்தொடர். டி கலத்தைப் பற்றி அதனிடம் கேட்கமுடியாது. ஆசிய நிர்ப்பீடனக் கல அட்லஸில் சிங்கப்பூர் இந்தியர்கள் இருக்கிறார்கள், குருதியின் பல கலவகைகளோடு; இப்போதைக்கு அதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 7: எப்படி நடக்கிறது?

இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தப் படியை ஆழமாகச் செய்யவேண்டியதில்லை. யுசிஎஸ்சி ஜீனோம் உலாவியில் உங்கள் இடத்தைத் திறந்து, எந்தக் கலத்தில் அந்த டிஎன்ஏ திறந்திருக்கிறது என்ற தடங்களை ஏற்றிப் பாருங்கள்.

நமது மாறுபாட்டில் இது ஒரு திருப்பத்தைத் தருகிறது. 2021இல் இன்னொரு ஆக்ஸ்போர்ட் குழு, ‘ஜி’ இடத்தில் ‘ஏ’ வரும்போது சிஇபிபி-பீட்டா என்ற புரதம் ஒட்டும் இடம் ஒன்று கூடுதலாக உருவாகிறது என்றும், அது எல்இசட்டிஎஃப்எல்1 என்ற மரபணுவைக் கூட்டுகிறது என்றும் காட்டியது. அவர்கள் கைகாட்டிய கலம் நுரையீரலின் மேலணிக் கலம். நிர்ப்பீடனக் கலமே இல்லை! ஒரே அபாயப் பகுதி, டி கலத்தில் சிஎக்ஸ்சிஆர்6, மேலணியில் எல்இசட்டிஎஃப்எல்1. இரண்டும் உண்மையாக இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் வேலை செய்யலாம். என்னைக் கேட்டால் மேலணி ஆதாரம் இன்றைக்கு வலுவானது. டிஎன்ஏ மடிந்து மரபணுவைத் தொடுவதை நேரே காட்டியிருக்கிறார்கள். நிர்ப்பீடனக் கலங்களை மட்டும் தேடியிருந்தால் இதைக் கண்டிருக்கவே மாட்டோம்.

படி 8: விடையை எழுதுவது

‘இந்த மாறுபாடு சிஎக்ஸ்சிஆர்6 மரபணுவைப் பாதிக்கிறது’ என்று எழுதினால் பரிசோதகர் சிவப்புப் பேனாவை எடுப்பார், எடுக்கவும் வேண்டும். கலம், நிலை, எதிருரு, திசை, ஆட்களின் தொகை, வம்சாவளி ஆறும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும்: ‘தூண்டப்படாத டிஎஃப்எச் கலங்களில், இன்ன வம்சாவளியினர் இத்தனை பேரில், ஏ எதிருரு சிஎக்ஸ்சிஆர்6 வெளிப்பாட்டின் இன்ன திசை மாற்றத்தோடு தொடர்புபட்டுள்ளது.’ நீளம்தான், சுருக்கினால் பொய்யாகும். தளத்தின் பதிப்பு எண்ணையும் பார்த்த திகதியையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், ஆறு மாதத்தில் தளம் மாறியிருக்கும். ஊரில் குருதி சேகரிப்பதென்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், ஊசி பிறகு.

மாமாவுக்கு? சனக்கூட்டத்தின் சராசரியை வைத்து ஓர் ஆளுக்கு நோய் வருமா என்று சொல்லமுடியாது, வயதும் நீரிழிவும் இதைவிட அதிகம் சொல்லும் என்று எழுதி அனுப்புங்கள். ‘எங்கட ஆக்களுக்கும் இருக்குமோ’ என்பதற்கு மட்டும் நேரடி விடை உண்டு: இந்த இலக்கம் என்றால், தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரு பிரதியாவது இருக்கும்.